ஓட்டுச்சாவடியில் ஆள் அடையாளம்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3-ல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத்தேர்தலில், 1952-ல், புதுக்கோட்டைத் தொகுதி முத்துசாமி வல்லத்தரசுவை மக்களவைக்கு அனுப்பியது. அப்போது வாக்காளர் கையில் அடையாள அட்டை எதுவும் இல்லை. பட்டியலில் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது போன்றவையே இருந்தன. பெயரை உரக்கப் படிக்கும்போது யாரும் மறுக்காவிட்டால் வாக்குச்சீட்டு கிடைத்தது.

ஊராரின் முகப்பழக்கமே அன்றைய சான்று. ஆளை அறிய உதவுவோரைச் சாவடித் தலைமை அலுவலர் அமர்த்திக்கொள்ள 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் இடம் தந்தன. தலையாரி போன்ற கிராம ஊழியர் அதற்குப் பொருத்தமானவர். கட்சி முகவருக்கு ஐயம் எழுந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நிலைக்காவிட்டால் வந்தவர் வாக்களிப்பார். மெய்யானால் அவர் காவலரிடம் ஒப்படைக்கப்படுவார். தன் பெயரில் வேறொருவர் முன்பே கள்ள ஓட்டுப் போட்டுவிட்டதாக அறிபவருக்கும் வாக்குச்சீட்டு உண்டு. ஆனால் அது தனி உறையில் வைக்கப்படும், எண்ணிக்கையில் சேராது. உண்மையான வாக்காளருக்கு இது மிகக் குறைந்த பரிகாரம். விரலில் இடும் அழியா மை ஒருவர் இருமுறை வருவதைத்தான் தடுக்கும். வந்தவர் யார் என்பதை அது சொல்லாது.

படம் ஒட்டிய அட்டை 1960-லேயே கல்கத்தா தென்மேற்குத் தொகுதியில் சோதிக்கப்பட்டது. ஏராளமான பெண்கள் படமெடுக்க இசையாததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. தமிழகப் பிரிவு இ.ஆ.ப. அதிகாரியாக இருந்து தலைமைத் தேர்தல் ஆணையரான டி.என். சேஷன் 1993 ஆகஸ்டில் ஆணையிட்ட பிறகே நாடெங்கும் அட்டை வழங்கும் பணி தொடங்கியது.

1974-ல் தனி மாவட்டமான புதுக்கோட்டை, 2008 தொகுதி மறுவரையறையில் தன் பெயரிலிருந்த மக்களவைத் தொகுதியை இழந்தது. அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரிந்தன: கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. இதனால் பழைய அட்டை செல்லாமல் போகவில்லை. வேறு தொகுதியில் வழங்கிய அட்டையானாலும், அந்தச் சாவடியின் பட்டியலில் பெயர் இருந்தால் ஏற்க வேண்டும். சிறு எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் இந்த நெறி நியாயமானது.

அட்டை இல்லாதவருக்கு 2024 மக்களவைத் தேர்தலில் 12 மாற்று ஆவணங்கள் அனுமதிக்கப்பட்டன. ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவை அவற்றுள் சில. ரேஷன் அட்டை அதில் இல்லை. வீடு தேடி வரும் பூத் சிலிப்பை மட்டும் காட்டி வாக்களிக்கும் வழக்கமும் 2019-ல் நின்றது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கோ இவற்றில் எதுவும் பயன்படாது. எனவே அட்டையைத் தேடுமுன், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை ஒவ்வொருவரும் தேர்தலுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.