செங்காந்தள்

செங்காந்தள் (தாவரவியல் பெயர்: குளோரியோசா சூப்பர்பா) என்பது கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் தளிர்க்கும் பல்லாண்டுக் கொடியாகும். தமிழ்நாட்டின் மாநில மலரான இது கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ எனவும் வழங்கப்படுகிறது. கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது.

மருத்துவப் பயன்கள்

இதன் விதையிலும் கிழங்கிலும் கொல்ச்சிசின் என்னும் காரப்போலி உள்ளது. விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இப்பொருள், யூரிக் அமிலம் மிகுவதால் உண்டாகும் கீல்வாதத்திற்கு மருந்தாகிறது. இம்மருந்தின் ஒரு மாத்திரையில் இருப்பது 0.5 மில்லிகிராம் மட்டுமே. கிழங்கிலுள்ள அளவோ செடிக்குச் செடி மாறுபடும். சித்த மருத்துவத்தில் சுத்தி செய்த கிழங்கே பயன்படுத்தப்படுகிறது.

நச்சுத்தன்மை

செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சாகும். கிழங்கு மிகக் கொடியது. வேகவைத்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. இலங்கையில் இதனைச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு (வற்றாளை) எனக் கருதி உண்டவர்கள் இறந்துள்ளனர்.

உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அடுத்த சில நாட்களில் சிறுநீரகமும் எலும்பு மச்சையும் பாதிக்கப்படலாம். உயிர் பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரங்களில் தலைமுடி உதிர்வதுண்டு. இதற்கெனப் பரவலாகக் கிடைக்கும் முறிமருந்து ஏதுமில்லை. ஆகவே கிழங்கை உண்டவரை, அறிகுறிகள் தோன்றும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.