கேமராவின் கால்கள்: சக்கர நாற்காலி முதல் செக்வே வரை

திரைப்பட ஒளிப்பதிவின் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் லென்ஸ், படச்சுருள், கேமரா ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கேமராவைச் சுமக்கும் உடலும், அவ்வுடலைச் சுமக்கும் ஊர்தியும் அதில் அரிதாகவே இடம்பெறுகின்றன. ஸ்டெடிகாம் அணிந்த ஒளிப்பதிவாளர் செக்வேயின் மீது ஏறி நின்றதற்குப் பின்னால் ஒரு முன்வரலாறு உண்டு. அது சக்கர நாற்காலியின் வரலாறு.

1960இல் வெளிவந்த 'பிரெத்லெஸ்' படத்தின் நகரும் காட்சிகளுக்காக ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார் சக்கர நாற்காலியில் அமர்த்தப்பட்டார். இயக்குநர் கோதார் அதைத் தள்ளினார். தண்டவாளம் பதிக்கும் செலவும் நேரமும் மிச்சமாயின. 1970களில் கேரட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகாம், மார்புக்கவசம், வில்சுருள் கை, கிம்பல் ஆகியவற்றின் துணையால் உடலின் குலுக்கத்தைக் கேமராவிலிருந்து பிரித்தது. 1976இல் 'பவுண்ட் ஃபார் குளோரி' அதை முழுநீளப் படத்தில் அறிமுகப்படுத்தியது. ஆயினும் 'தி ஷைனிங்' (1980) படத்தில், மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டும் சிறுவனைத் தரையை ஒட்டிய உயரத்தில் பின்தொடர நேர்ந்தபோது, பிரவுனும் சக்கர நாற்காலியையே நாடினார். மனிதக் காலின் வேகமும் உயரமும் அங்கே போதவில்லை.

2001 டிசம்பரில் டீன் கேமன் வெளியிட்ட செக்வேயும் இதே மரபின் வாரிசுதான். படியேறவும் இரு சக்கரங்களில் நிமிர்ந்து நிற்கவும் வல்ல 'ஐபாட்' சக்கர நாற்காலிக்காக அவருடைய குழு உருவாக்கிய சமநிலை நுட்பமே செக்வேக்கு அடிப்படை. நடனத் திரைக்கலைஞர் ஃபிரெட் அஸ்டெயரை நினைவூட்டும் வகையில் நாற்காலிக்கு 'ஃபிரெட்' என்பது குறிப்புப் பெயர். செக்வேக்கு அவருடைய திரை இணையான ஜிஞ்சர் ரோஜர்ஸை ஒட்டி 'ஜிஞ்சர்' என்று பெயர்.

ஸ்டெடிகாமையும் செக்வேயையும் பொருத்துவது எளிதன்று. முன்னது நிறையின் நிலைமத்தை நம்பி அமைதி காப்பது. பின்னது கைரோஸ்கோப் உணரும் சாய்வுக்கேற்ப மோட்டாரை இடைவிடாது இயக்கி நிற்பது. முன்னே நீளும் கேமராவின் எடை ஒளிப்பதிவாளரின் ஈர்ப்பு மையத்தை முன்னே இழுக்கிறது. அதை ஈடுசெய்ய உடலைப் பின்னே சாய்க்காவிட்டால் ஊர்தி தானே முன்னேறிவிடும். மேலும், ஒரு கை வில்சுருள் கையைச் செலுத்த, மறுகை கிம்பலைப் பற்றுவதால் கைப்பிடியைத் திருப்பக் கை எஞ்சுவதில்லை. எனவே கைப்பிடித் தண்டு அகற்றப்பட்டு, காலாலும் தொடையாலும் திருப்பும் அமைப்புகள் உருவாயின. கால் நடப்பதை நிறுத்தியது. ஓட்டும் வேலை அதற்கு வந்தது.

ஆபத்து அகன்றுவிடவில்லை. 2015இல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில், 200 மீட்டர் வெற்றிக்குப் பின் நடந்துகொண்டிருந்த உசைன் போல்ட்டின் மீது செக்வேயில் வந்த ஒளிப்பதிவாளர் நிலைதடுமாறி விழுந்தார். ஓரத்திலிருந்த தண்டவாளத்தில் சக்கரம் மோதியதே காரணம். கண் கேமராவில் இருந்தால் பாதையைப் பார்ப்பவர் யார்?

இவ்வரலாற்றின் முரண் வேறிடத்தில் உள்ளது. செக்வே சந்தைக்கு வந்த பின்னரே, 2003இல், ஐபாட் நாற்காலிக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. அதன் விலை 25,000 டாலருக்கும் மேல். மெடிகேர் காப்பீடோ அதில் சிறு பகுதியையே ஏற்றது. 2009இல் விற்பனை நின்றது. புதிய வடிவில் அது மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆயின. நடக்க இயலாதவருக்காகப் பிறந்த சமநிலை, நடக்க வல்லவரின் கேமராவை எளிதாகச் சென்றடைந்தது. உரியவரைச் சென்றடையத் தடுமாறியது. தடையின்றி மிதந்து செல்லும் காட்சியின் அழகியலைப் பேசும்போது, அந்தச் சமநிலை யாருக்காக உருவானது என்பதையும் திரைப்பட ஆய்வு கேட்கவேண்டும்.