தோட்டப் பள்ளியும் வரலாற்றுப் பாடமும்

ஹட்டனைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலே ஒரு காலத்தில் பொழுது புலருமுன் தப்பொலி எழுவது வழக்கம். லயங்களில் உறங்குவோரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கும் ஒலி அது. ஆண்களும் பெண்களும் அங்கே வரிசையில் நின்று, கங்காணி குறித்த மலைக்கு வேலைக்குச் செல்வர். வெயில் ஏறிய பின்னர் மற்றோர் ஒலி கேட்கும். அது தோட்டப் பள்ளியின் மணியோசை. தப்பொலிக்குப் பணியாதவர் அன்றைய சம்பளத்தை இழப்பர். பள்ளி மணிக்குப் பணியாத பிள்ளை எதை இழந்தது என்பதை அக்காலத்தில் எவரும் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. அந்தப் பள்ளியின் வரலாற்றையும், அங்கே வரலாறு என்னும் பாடம் வந்து சேர்ந்த விதத்தையும் ஆராய்வது, மலையகத்தின் கதையில் ஒரு முக்கியமான பகுதியை அறிவதாகும்.

1820களிலே கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டம் தோன்றிய காலம் முதல் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார் வழியாகக் கால்நடையாக மலைநாட்டை அடைந்தனர். கோப்பி பருவப் பயிர். ஆகவே பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் அவர்களுட் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 ஆம் ஆண்டின் பின்னர் கோப்பியை இலை நோய் அழித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்களின் விரல் வேண்டும். எனவே தொழிலாளர் குடும்பமாக வந்து லயங்களிலே நிலைத்தனர். குடும்பம் நிலைத்த இடத்தில் குழந்தைகளும் வளர்ந்தனர். குழந்தைகளுக்குக் கல்வி எங்கே என்னும் வினா அப்பொழுதுதான் எழுந்தது.

அவ்வினாவுக்குச் சட்டம் அளித்த முதல் விடை 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமாகும். தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிக்கும் கடமையை அது தோட்டத் துரையின்மீது சுமத்தியது. ஆயின் தேயிலையின் விலையையும் தொழிலாளர் தொகையையும் கண்ணாகக் கருதிய துரைமாருக்குப் பள்ளிக்கூடம் ஒரு செலவாகவே தோன்றியது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை மலையை விட்டு நகரத்துக்குப் போய்விடும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. ஆகவே சட்டத்தின் சொல்லை நிறைவேற்றினாலும் அதன் கருத்தை நிறைவேற்றிய தோட்டங்கள் சிலவே. தகரக் கூரையின் கீழ் ஓர் அறை, அவ்வறைக்கு ஓர் ஆசிரியர், அவருக்கு முன்னே ஐந்து வகுப்புகள்: இதுவே பெரும்பாலான தோட்டப் பள்ளிகளின் உருவம். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றுடன் பாடம் முடிந்தது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இந்தக் கடமையை மேலும் வலியுறுத்தியது; எனினும் ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா விடையின்றியே நின்றது.

அந்த ஒற்றை ஆசிரியரை மலையகம் மறக்கலாகாது. தோட்டத்தார் அவரை ‘வாத்தியார்’ என்று மரியாதையுடன் அழைத்தனர். ஊரிலிருந்து வரும் கடிதத்தை வாசித்துக் காட்டுபவர் அவர். மறுமொழி எழுதுபவரும் அவரே. துரைக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமாயினும், திருவிழாக் கணக்குப் பார்க்க வேண்டுமாயினும் அவரையே நாடினர். கையில் ஒரு நூலும் மேசையில் ஒரு வரைபடமும் இல்லாத நிலையிலும் அவர் பாடம் நடத்தினார். ஆயினும் அவர் கற்பித்த பாடத்திலே பிள்ளைகளின் முன்னோருக்கு இடம் இருக்கவில்லை. அவர்களுடைய வரலாறு வேறிடத்தில் வாழ்ந்தது. காமன் கூத்திலும், பொன்னர் சங்கர் கதையிலும், கொழுந்து பறிக்கும் பெண்களின் பாட்டிலும், தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அது தங்கியிருந்தது. இரவிலே கூத்தைக் கண்ட பிள்ளை பகலிலே பள்ளிக்கு வரும்போது, அந்த அறிவு முழுவதையும் வாயிலில் விட்டுவிட்டே உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

1945 ஆம் ஆண்டு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையும் பல்கலைக்கழகம் வரை செல்லலாம் என்னும் கதவு திறந்தது. ஆனால் அக்கதவு தோட்டப் பள்ளியின் பக்கம் திறக்கவில்லை. அவை தோட்ட நிருவாகத்தின் கையிலேயே தொடர்ந்தன. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தே நின்றன.

இந்த இடைக்காலத்தில் நிகழ்ந்த அரசியல் மாற்றம் வகுப்பறைக்குள்ளும் நிழல் வீழ்த்தியது. 1931 ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமை வந்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடிமகனின் உரிமையும் கடமையும் இவை என்று ஆசிரியர் பாடம் சொல்ல வேண்டும். எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளை எந்த நாட்டின் குடிமகன் என்று அவராற் சொல்ல இயலாது. அப்பிள்ளையின் தந்தை வாக்களித்ததுண்டு. பிள்ளை வளர்ந்தபோது தந்தையின் பெயரே வாக்காளர் இடாப்பில் இல்லை. குடியியற் பாடம் இத்துணை கடினமாக இருந்த வகுப்பறைகள் உலகில் அதிகம் இருந்திருக்கமாட்டா.

1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974 ஆம் ஆண்டு முடிவாயிற்று. அதன் பின் ஆண்டுதோறும் ஹட்டன் புகையிரத நிலையத்தில் விடைபெறும் குடும்பங்களின் அழுகுரல் கேட்டது. தலைமன்னார் வழியாக இராமேசுவரம் சென்றோருள் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். இலங்கைப் படத்தில் மகாவலி கங்கையை வரைந்து பழகிய பிள்ளை, மறு தவணையில் தமிழ்நாட்டிலே காவிரியை வரைய வேண்டியதாயிற்று.

இதே காலத்திலேதான் பாடவிதானத்தில் ஒரு பெரு மாற்றம் நிகழ்ந்தது. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றை ஒன்றிணைத்துச் ‘சமூகக்கல்வி’ என்னும் பாடத்தை அமைத்தது. மாணவன் தன் சூழலிலிருந்து தொடங்கி நாட்டையும் உலகையும் அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் அப்பாடம் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கு உரியது. தோட்டப் பள்ளியோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புடன் முடிந்தது. தன் சூழலிலிருந்து கற்கச் சொன்ன பாடத்தைக் கற்க, மலையகப் பிள்ளை தன் சூழலை விட்டுப் பல கல் தொலைவிலுள்ள நகரப் பாடசாலைக்கு நடக்க வேண்டியிருந்தது. நடக்க இயலாத பிள்ளை கொழுந்துக் கூடையை எடுத்தது.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின், 1977 ஆம் ஆண்டு முதற்கொண்டு கட்டங்கட்டமாகத் தோட்டப் பள்ளிகளும் அரசின் பொறுப்பில் வந்தன. 1907 ஆம் ஆண்டின் சட்டத்துக்கும் இதற்கும் இடையே எழுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1980 ஆம் ஆண்டு முதல் இலவசப் பாடநூல் தோட்டத்துப் பிள்ளையின் கையையும் எட்டியது. சுவீடன் நாட்டின் உதவியாற் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியோடு ஹட்டனுக்கு அண்மையிலுள்ள பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும் இக்கல்லூரியும் சேர்ந்து, மலையகத்து இளைஞரையே மலையகத்துக்கு ஆசிரியராக்கும் பணியை மேற்கொண்டன. லயத்திற் பிறந்தவர் அதே மலையின் பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பியது சிறிய நிகழ்ச்சியன்று. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றவராக எஞ்சியிருந்தோரும் குடியுரிமை பெற்றனர். குடியியற் பாடத்தை முகம் கோணாமல் நடத்தும் நிலை அப்போதுதான் வாய்த்தது.

2007 ஆம் ஆண்டு முதல் வரலாறு மீண்டும் தனிப்பாடமாகி, சாதாரண தரப் பரீட்சைக்குரிய கட்டாய பாடங்களுள் ஒன்றாகியது. 2025 ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்ட சீர்திருத்தத் திட்டத்தின்போதும் வரலாற்றின் இடம் யாது என்ற விவாதம் நாடெங்கும் எழுந்தது. பாடம் கட்டாயமா அன்றா என்று வாதிடுவோர், அதைக் கற்பிப்பவர் யார் என்று கேட்பது குறைவு. சிறிய பாடசாலைகளில் வேறொரு பாடத்துக்கு நியமனம் பெற்றவரே வரலாற்றையும் ஏற்று நடத்துவது அரிதன்று. 2014 ஆம் ஆண்டை அடுத்து மூவாயிரம் பேரளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டனர். மாதம் ஆறாயிரம் ரூபா என்னும் சொற்பக் கொடுப்பனவுடன் அவர்கள் வகுப்பிலே நின்றனர். கற்பித்துக்கொண்டே பயிற்சியும் பெற வேண்டியவராயினர். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி அவர்களுக்கு உண்டு. ஆனால் வழிகாட்டி கூறும் செயற்பாட்டை ஒரு முறையேனும் உடனிருந்து செய்து காட்டும் ஆசிரிய ஆலோசகர், மேற்பிரிவுத் தோட்டத்துப் பாடசாலைக்கு எத்தனை முறை ஏறி வர இயலும்? கருத்தரங்கு நகரத்தில் நடக்கிறது. ஒரு நாள் கருத்தரங்குக்கு ஆசிரியர் இறங்கிச் சென்றால், மேலே ஒரு வகுப்பு ஆசிரியரின்றி இருக்கிறது.

பாடநூலில் அனுராதபுரமும் பொலனறுவையும் விரிவாக உள்ளன. அவற்றை அறிவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவை. கோப்பியும் தேயிலையும், அவற்றை உண்டாக்கிய மக்களும் அங்கே சுருக்கமாகவே வருகின்றனர். அச்சுருக்கத்தை விரிக்கும் ஆற்றல் ஆசிரியரிடமே உள்ளது. அதற்கு வேண்டிய பொருள்கள் பள்ளியைச் சுற்றியே கிடக்கின்றன. ஹட்டன் என்னும் பெயர் ஸ்கொட்லாந்துச் சிற்றூரொன்றினது. அது இம்மலைக்கு எவ்வாறு வந்தது என்று கேட்டாற் குடியேற்ற ஆட்சியின் பாடம் தொடங்கிவிடும். 1884 ஆம் ஆண்டு புகையிரதம் ஹட்டனை அடைந்தது. அது மக்களுக்காக வந்ததா, தேயிலைப் பெட்டிக்காக வந்ததா என்பது பொருளியற் பாடம். மஸ்கெலியாவின் பழைய நகர் 1960களின் இறுதியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. நீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரிகிறது. வரலாறு என்றால் என்ன என்று விளக்க இதனினும் சிறந்த படம் எந்த நூலில் உண்டு?

டிக்கோயாவில் 1878 ஆம் ஆண்டு கட்டப்பெற்ற வார்லி தேவாலயம் இருக்கிறது. அதன் வளவிலே துரைமாரின் கல்லறைகள் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பெற்று நிற்கின்றன. அதே மலைகளில் உழைத்து மடிந்த தொழிலாளரின் புதைகுழிகள் தேயிலைச் செடிகளின் இடையே அடையாளமின்றிக் கலந்துவிட்டன. ஒருவருக்குக் கல் உண்டு, மற்றவருக்கு இல்லை. இந்த வேறுபாட்டை ஒரு வகுப்பு நேரில் சென்று கண்டு, அதன் காரணத்தைத் தானே கேட்டுத் தெளியுமாயின், அன்றைய வரலாற்றுப் பாடம் நிறைவுற்றதாகும். பாட்டியிடம் கேட்டு எழுதிய ஒரு குடும்பக் கதையும், பழைய துண்டு ஒன்றும், பெயர் பதிந்த செக்ரோல் ஏடு ஒன்றும் மாணவனின் கையில் மூலச் சான்றுகளாகும்.

இவற்றைத் தேடித் தொகுக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். ஒருநாள் வெளியே அழைத்துச் செல்ல அனுமதியும் பயணச் செலவும் வேண்டும். ஐயம் எழுந்தாற் கேட்டறியத் துறையறிந்த ஆலோசகர் ஒருவர் வேண்டும். தமிழில் எழுதப்பெற்ற மலையக வரலாற்று நூல்கள் பாடசாலை நூலகத்தில் வேண்டும். இவை பெருஞ்செலவுள்ள கோரிக்கைகளல்ல. 1907 ஆம் ஆண்டு முதல் பள்ளி வேண்டும் என்றும், பாடம் வேண்டும் என்றும் ஆணைகள் மலையேறி வந்திருக்கின்றன. ஆணையுடன் ஆசிரியருக்குரிய துணையும் ஏறி வரும் நாளையே தோட்டத்துப் பள்ளிகள் இன்னும் எதிர்பார்த்து நிற்கின்றன.