கோலும் பந்தும் பங்கும்

திருச்சபை தன் ஆட்சிமுறைக்கென வரைந்த எல்லைக்கோடு, விளையாட்டுக் களத்தின் எல்லைக்கோடாகவும் மாறிப்போன நாடு அயர்லாந்து. ‘ஹர்லிங்’ என்னும் அந்நாட்டுத் தொன்மையான ஆட்டத்தில் இளைஞன் ஒருவன் எந்தக் குழுவுக்காகக் களமிறங்க வேண்டும் என்பதை, ஊர்ப்புறங்களில் பெரும்பாலும் அவன் எந்தப் பங்கைச் சேர்ந்தவன் என்பதே தீர்மானிக்கிறது. இத்தகைய குழுக்கள் ஆண்டுதோறும் தம் ‘கவுண்டி’க்குள், அதாவது மாவட்டத்துக்குள், ஒன்றோடொன்று மோதும் போட்டியின் வரலாற்றையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ‘ஆஷ்’ என்னும் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்று வளைந்த கோல் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். தோல் போர்த்த சிறு பந்தைத் தரையிலும் அடிக்கலாம். கோலின் நுனியில் ஏந்தியபடி ஓடவும் செய்யலாம். குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் மூன்று. அணிக்குப் பதினைவர். எவருக்கும் ஊதியம் கிடையாது. நாடறிந்த வீரரும் மறுநாள் காலை தம் பள்ளிக்கோ பண்ணைக்கோ அலுவலகத்துக்கோ செல்பவரே.

ஆங்கில ஆட்சியாளர் இந்த ஆட்டத்தை விரும்பியதில்லை. 1366-இல் இயற்றப்பட்ட கில்கென்னிச் சட்டங்களே அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் இதனை ஆடலாகாது என்று தடுத்தன. சட்டத்தால் சாகாத ஆட்டம் பசியால் சாகும் நிலைக்கு வந்தது. 1845-க்குப் பின் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் சூழ்ந்தபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். அதே அளவினர் கப்பலேறினர். ஆடுவதற்கு ஆளற்ற ஊர்களில் ஆட்டமும் ஓய்ந்தது.

அதனை மீட்டெடுக்க மைக்கேல் குசாக் என்ற ஆசிரியர் முன்வந்தார். 1884 நவம்பர் 1-ஆம் நாள், டிப்பரரி மாவட்டத்துத் தர்லஸ் நகரின் ஹேய்ஸ் விடுதியில் ஒரு சிலரே கூடி கேலிக் விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கினர். கேஷல் பேராயர் தாமஸ் குரோக் அதன் புரவலராக இசைந்தார். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆயராய் இருந்து தாயகம் திரும்பியவர் அவர். 1884 டிசம்பரில் அவர் எழுதிய இசைவு மடல், வேற்றுநாட்டு ஆட்டங்களையும் நடையுடைகளையும் கண்டு மயங்கித் தம் மக்கள் தமதென்ற அனைத்தையும் கைவிடுவதைக் கடிந்துரைத்தது. மேய்ப்புப்பணியாளர் ஒருவர் மைதானத்தைப் பற்றி இவ்வளவு அக்கறை கொள்வானேன் என்று கேட்போர் உண்டு. தன் மக்கள் தலைகுனிந்து நிற்பதைக் கண்ட ஆயருக்கு அது புறம்பான செய்தியன்று என்பதே நம் கருத்து.

மாவட்டப் போட்டிகளும் நாடளாவிய போட்டியும் 1887-இல் முறையாகத் தொடங்கின. அன்றைய நடைமுறை எளியது: மாவட்டத்தில் வென்ற குழுவே மாவட்டத்தின் அணி. டிப்பரரிக்குத் தர்லஸ் குழு. கால்வேக்கு ஷானன் ஆற்றங்கரை மீலிக் குழு. முதல் இறுதியாட்டம் 1888 ஏப்ரல் முதல் நாள் பர் என்ற ஊரில் நடந்தது. அன்று உயிர்ப்புப் பெருவிழா! பக்கத்துக்கு 21 பேர் ஆடிய அந்த ஆட்டத்தில் தர்லஸ் வென்றது. மீலிக் ஒரு புள்ளியும் பெறவில்லை.

ஆனால் அந்த 1887 நவம்பரிலேயே கழகம் உடையும் நிலைக்கு வந்திருந்தது. தர்லஸில் கூடிய மாநாட்டில், ஆயுதப் புரட்சியை நம்பிய இரகசிய இயக்கத்தார் தலைமையைக் கைப்பற்ற, அருள்தந்தை ஸ்கான்லன் தலைமையில் குருக்கள் வெளிநடப்புச் செய்தனர். பேராயரும் தம் ஆதரவை விலக்கிக்கொண்டார். ஆயினும் பிளவு நிலைக்கவில்லை. 1888 சனவரியில் புதிய மாநாடு கூடி ஒற்றுமை திரும்பிற்று. குருக்கள் தங்கள் விருப்பம் நிறைவேறாதபோது எழுந்து சென்றது சரியா என்று நாம் இன்று விவாதிக்கலாம். மைதானத்தில் குருவுக்குத் தேவை தலைமை இருக்கையா, பயிற்சியாளரின் ஊதலா? கில்கென்னி அணியை 1957 முதல் ஏறத்தாழ இருபதாண்டு பயிற்றுவித்த அருள்தந்தை டாமி மாஹர் இரண்டாவதைத் தேர்ந்தார். அவர் காலத்தில் அவ்வணி ஏழுமுறை நாட்டின் வெற்றிக்கோப்பையை வென்றது.

பங்கு என்ற வேலி காப்பதும் உண்டு, தடுப்பதும் உண்டு. வசதி மிக்க நகரக் குழு சிற்றூரின் சிறந்த வீரனை எளிதில் அழைத்துக்கொள்ள முடியாததால்தான் சிற்றூர்கள் பிழைத்திருக்கின்றன. கழகம் எழுப்பிய வேறு வேலிகளைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. வேற்றுநாட்டு ஆட்டம் ஆடியவரை விலக்கிய விதி 1971-இலும், வட அயர்லாந்துக் காவலரையும் ஆங்கிலப் படையினரையும் விலக்கிய விதி 2001-இலுமே நீக்கப்பட்டன. அவ்வளவு காலம் பிடித்தது வருந்தத்தக்கது.

வேலியைக் கடந்து சென்றவர்களும் உண்டு. கார்க் மாவட்டத்துக் கிளாய்ன் என்ற சிற்றூரில் 1920-இல் பிறந்த கிறிஸ்டி ரிங், இந்த ஆட்டத்தின் தலைசிறந்த வீரர் என்று பலர் போற்றுபவர். 1941-இல் அவர் கார்க் நகரின் கிளென் ரோவர்ஸ் குழுவில் இணைந்தார். 1934 முதல் அந்த ஆண்டுவரை எட்டு முறை தொடர்ந்து மாவட்டக் கோப்பையை வென்ற குழு அது. பின்னாளில் நாட்டின் பிரதமரான ஜாக் லிஞ்சும் அதில் ஆடியவர். ரிங் 1979-இல் இறந்தபின் கிளாய்ன் தன் மகனுக்குச் சிலை எழுப்பியது. அந்தக் கிளாய்ன் 2004, 2005, 2006 என மூன்றாண்டுகள் தொடர்ந்து மாவட்ட இறுதியாட்டத்துக்கு வந்தது, மூன்றிலும் தோற்றது.

கில்கென்னியின் பாலிஹேல் கதை வேறு. சிற்றூர்கள் தனித்தனியே ஆடிக் களைத்தபின், 1972-இல் பங்கு முழுவதற்கும் ஒரே குழுவாக பாலிஹேல் ஷாம்ராக்ஸ் உருவாயிற்று. 1978-இல் முதன்முறை மாவட்டத்தை வென்றது. 1981-இல் நாட்டின் குழுக்களுக்கெல்லாம் முதன்மை பெற்றது. அவ்வணியில் பென்னெல்லி குடும்பத்து உடன்பிறந்தார் எழுவர் இருந்தனர். இக்குடும்பப் பெயர் சென்னைக் கத்தோலிக்கருக்குப் புதியதன்று: பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்த ஜான் பென்னெல்லியும், அவருக்குப்பின் ஸ்டீபன் பென்னெல்லியும் சென்னையின் ஆயர்களாய் இருந்தவர்கள். பாலிஹேலோ 2023-க்குள் நாட்டின் குழுக் கோப்பையை ஒன்பது முறை வென்றுவிட்டது. வேறெந்தக் குழுவும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை.

2022 முதல் மாவட்ட அணிகளின் பருவம் சூலையில் முடிந்துவிடுகிறது. அதன்பின் வரும் மாதங்கள் குழுக்களுக்கே உரியவை. ஆனால் மேற்குக் கடற்கரைச் சிற்றூர்களில் பிள்ளைகள் குறைந்து, பக்கத்துப் பங்கோடு சேர்ந்தே இளையோர் அணி அமைக்க வேண்டியிருக்கிறது. இளைஞர் டப்ளினுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விடுகின்றனர்.

கோவில்களின் நிலையும் நாம் அறிந்ததே. ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் வெகுவாகக் குறைந்தனர். குருக்கள் அருகியதால் பல பங்குகளை ஒரே குரு கவனிக்கிறார். ஆயினும் பங்குகள் இவ்வாறு தொகுக்கப்படும் இடங்களிலும் விளையாட்டுக் குழுவின் எல்லை பெரும்பாலும் பழைய பங்கின் எல்லையாகவே நிற்கிறது. பல ஆண்டுகளாகக் கோவில் படியேறாதவரும் அக்டோபர் மாத இறுதியாட்டத்தன்று, “எங்கள் பங்கு ஆடுகிறது” என்று சொல்லியே புறப்படுகிறார்.