கப்பல் சுக்கானிலிருந்து பொம்மை டிரக் வரை: சர்வோவின் கதை

1861 செப்டம்பரில் லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பியது 'கிரேட் ஈஸ்டர்ன்'. 211 மீட்டர் நீளம், அன்றைக்கு உலகிலேயே பெரிய கப்பல். அயர்லாந்தைத் தாண்டியதும் புயலில் சிக்கியது. இரண்டு பக்கத் துடுப்புச் சக்கரங்களும் பிய்ந்து போயின, சுக்கானின் தண்டும் முறிந்தது. சில நூறு பயணிகளோடு திரும்ப வழியில்லாமல் கப்பல் தத்தளித்தது. முறிந்த தண்டில் சங்கிலி சுற்றித்தான் ஒருவழியாகக் கரை சேர்த்தார்கள்.

மாலுமிதான் சுக்கானைத் திருப்புகிறார் என்று தோன்றும். ஆனால் கடலும் அதே சுக்கானைத் திருப்பி அடிக்கிறது!

அதே கப்பலுக்காக 1866-இல் ஜான் மக்ஃபார்லேன் கிரே நீராவியால் சுக்கான் திருப்பும் எந்திரத்தை உருவாக்கினார். மாலுமி சக்கரத்தை எவ்வளவு திருப்பினாரோ அவ்வளவு சுக்கான் திரும்பும், உரிய இடத்துக்கு வந்ததும் நீராவி வால்வு தானே மூடிக்கொள்ளும். இப்படிப்பட்ட எந்திரங்களைப் பற்றி பிரெஞ்சுப் பொறியாளர் ஃபார்கோ 1873-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதன் தலைப்பில் இருக்கும் 'செர்வோ' என்ற சொல்லுக்கு வேர், அடிமையைக் குறிக்கும் லத்தீன் சொல். சொன்ன அளவுக்கு மட்டும் வேலை செய்யும் அடிமை!

இந்த யோசனை பொம்மைகளுக்கு வந்து சேர ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. ஆரம்பகால ரேடியோ விமானங்கள் பலவற்றில் முறுக்கிய ரப்பர் பேண்டுதான் சுக்கானைத் திருப்பும். முழு இடது, முழு வலது, நேர்... அவ்வளவுதான். 'கொஞ்சம் இடது' என்பதே கிடையாது. 1960-களில்தான் விரல் அசைவின் அளவுக்கே திரும்பும் சர்வோக்கள் பரவின. சின்னப் பெட்டிக்குள் ஒரு மோட்டார், நாலைந்து கியர்கள், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர். கிரேயின் வால்வு செய்த வேலையை இப்போது மின்சுற்று செய்கிறது.

பிறகு கார்கள் வந்தன. 1976-இல் டாமியாவின் போர்ஷே 934, 1987-இல் அதே நிறுவனத்தின் 'கிளாட் பஸ்டர்' மான்ஸ்டர் டிரக். பிரச்சினையும் இங்கேதான் ஆரம்பம். டிரக்கின் டயர் பெரியது. அது நடைபாதை விளிம்பில் மோதினால் அந்த அடி ஸ்டியரிங் கம்பி வழியாக நேரே சர்வோவின் கியரில் இறங்கும். நைலான் பற்கள் மழுங்கிவிடும். வேகத்தில் போகும் டிரக் திரும்பாமல் நேரே போய் யார் காலிலாவது மோதலாம்.

உடனே எல்லோரும் உலோக கியர் சர்வோ தேடுவார்கள். சரியான தேடல்தான், ஆனால் பாதிதான் சரி. கியர் உடையாவிட்டால் அடி அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகும். அதற்காகத்தான் சர்வோ சேவர் என்ற ஸ்பிரிங் அமைப்பு. அடி விழும்போது அது வளைந்துகொடுத்துப் பிறகு பழைய நிலைக்கு வரும். இதைக் கழற்றி வீசிவிட்டு விலை கூடிய சர்வோவைப் போடுவது கண்ணை மூடிக்கொண்டு காசைக் கரைப்பது.

விசையையும் பாருங்கள். ஃபுடாபாவின் பழைய S3003 4.8 வோல்ட்டில் சுமார் 3.2 கிலோ-செ.மீ. தரும். 1/10 அளவு மான்ஸ்டர் டிரக்கின் பெரிய டயருக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி. ஆனால் பலமான சர்வோ மின்சாரத்தையும் அதிகம் இழுக்கும். ரிசீவருக்கு மின்சாரம் தரும் சுற்று அதைத் தாங்காவிட்டால் ரிசீவரே ஒரு கணம் அணைந்துபோகும்.

வாங்கும் முன் அச்சின் பற்களை எண்ணிவிடுங்கள். ஃபுடாபாவுக்கு 25, ஹைடெக்குக்குப் பெரும்பாலும் 24, சான்வாவுக்கு 23. ஒன்றின் கை மற்றொன்றில் சரியாக உட்காராது.