விமான அவசர இடங்காட்டி

விபத்துக்குள்ளான விமானம் கிடக்கும் இடத்தை வானொலி அலையால் அறிவிக்கும் கருவி. விமானத் துறையில் இ.எல்.டி. என்றே வழங்கும். மோதலின் அதிர்ச்சியை உணரும் விசை இதைத் தானாக முடுக்கும். விமானியும் கையால் முடுக்கலாம்.

இதன் முன்னோடி, இரண்டாம் உலகப் போரில் கடலில் விழுந்த அமெரிக்க விமானிகள் பயன்படுத்திய 'கிப்சன் கேர்ள்' வானொலி. தொடையிடுக்கில் பற்றிக்கொள்ள ஏதுவாக நடுவில் ஒடுங்கிய மஞ்சள் பெட்டி அது. சிறுத்த இடைக்குப் பெயர்பெற்ற 'கிப்சன் கேர்ள்' ஓவியப் பெண்ணை நினைவூட்டிய அந்த இடுப்புக்காகவே அப்பெயர். பட்டம் விட்டு ஆன்டெனாக் கம்பியை உயர்த்திக் கைப்பிடியைச் சுற்றினால் எஸ்.ஓ.எஸ். தானே போகும். சுற்றுவதற்கு ஒருவர் பிழைத்திருக்க வேண்டும். மோதியதும் விமானத்தை விட்டுத் தெறித்து விழும் தானியங்கிக் கருவியைக் கனடியத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1950களில் உருவாக்கியது.

1967 மார்ச்சில் கலிபோர்னியாவின் டிரினிட்டி மலைப்பகுதியில் ஒரு குடும்பத்தின் சிறு விமானம் விழுந்தது. அக்டோபரில்தான் கண்டெடுத்தார்கள். அதிலிருந்த பதினாறு வயதுப் பெண் ஏழு வாரங்களுக்கு மேல் உயிரோடிருந்ததை அவள் எழுதிய நாட்குறிப்பு காட்டியது. இது எழுப்பிய அதிர்வும் சேர்ந்து, 1970 டிசம்பரில் அமெரிக்கா பெரும்பாலான சிறு விமானங்களில் இக்கருவியைக் கட்டாயமாக்கியது. விந்தை என்னவென்றால், தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பிரிவாகவே இது நிறைவேறியது.

சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருமுன்பே, 1972 அக்டோபர் 16 அன்று, பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவர் ஹேல் பாக்ஸும் உறுப்பினர் நிக் பெகிச்சும் சென்ற செஸ்னா 310 அலாஸ்காவில் மறைந்தது. 39 நாள் தேடியும் துரும்புகூடக் கிடைக்கவில்லை. அதில் இடங்காட்டி இருந்ததா என்பதில் சிக்கல் உண்டு. விமானியின் கையடக்கக் கருவி ஃபேர்பேங்க்ஸில் வேறொரு விமானத்தில் கிடைத்தது. ஆனால் அவரது பெட்டியில், நிறம் தவிர மற்றபடி அதைப் போன்ற பொருளைக் கண்டதாக ஒருவர் சாட்சி சொன்னார். கருவி இல்லை என்றே விசாரணை வாரியம் முடிவு செய்தது.

முதல் தலைமுறைக் கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸில் வெறும் ஊளையொலியை மட்டும் அனுப்பின. யாருடைய விமானம் என்று சொல்லாது. சற்றுக் கடினமாகத் தரையிறங்கினாலும் அலறிய இவை, மெய்யான விபத்துகளில் நான்கில் ஒன்றில்தான் வேலை செய்தன என்பது பரவலாகத் தரப்படும் மதிப்பீடு. தீ, அறுந்த ஆன்டெனாக் கம்பி, செத்த பேட்டரி ஆகியவை வழக்கமான காரணங்கள்.

அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகியவை இச்சமிக்ஞைகளை விண்ணிலிருந்து கேட்கப் பனிப்போருக்கு நடுவிலும் கைகோத்து உருவாக்கிய காஸ்பாஸ்-சார்சாட் திட்டத்தின் முதல் செயற்கைக்கோள் 1982 ஜூனில் ஏவப்பட்டது. சோதனை முடியாத நிலையிலேயே, செப்டம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூவரை அது காப்பாற்றியது. காணாமல்போன இன்னொரு விமானத்தைத் தேடிப் போய் விழுந்தவர்கள் அவர்கள். பின்னர் வந்த 406 மெகாஹெர்ட்ஸ் கருவி அடையாள எண்ணையும் அனுப்பும். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் பழைய அலைவரிசையைக் கவனிப்பதில்லை.

நீருக்குள் மூழ்கினால் புதிய கருவியும் பயனற்றது. மலேசியாவின் எம்.எச்.370 விமானத்தில் (2014) நான்கு கருவிகள் இருந்தும் எதன் சமிக்ஞையும் பதிவாகவில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏ.என்-32 விமானத்திலிருந்தும் அபாய அறிவிப்பு வரவில்லை. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களைக் கொண்டு, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் 2024 ஜனவரியில் அடையாளம் காணப்பட்டன.