யார் இந்த மாட் ஆலன்? லண்டனைக் கலக்கிய டான்ஸர் கோர்ட்டில் தோற்றது எப்படி?

1908-ம் ஆண்டு. லண்டன் பேலஸ் தியேட்டரில் ஒரு பெண் தனியாக மேடை ஏறினார். காலில் செருப்பு இல்லை. மார்பில் முத்துச்சரங்கள், இடுப்பில் மெல்லிய பாவாடை. யோவானின் தலையைக் கேட்டு வாங்கிய சலோமியின் கதைதான் அந்த ஆட்டம். 'தி விஷன் ஆஃப் சலோமி' 250 காட்சிகளைத் தாண்டி ஓடியது. ஆடியவர் மாட் ஆலன்.

1873-ல் கனடாவின் டொரன்டோவில் பிறந்தவர். சொந்தப் பெயர் பியூலா மாட் டுரன்ட். சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்து, 1895-ல் பியானோ படிக்க பெர்லின் போனார்.

போன சில வாரங்களிலேயே இடி விழுந்தது. சர்ச்சுக்குள் 2 இளம்பெண்களைக் கொன்றதாக அண்ணன் தியோ கைதானார். 1898-ல் தூக்கிலிடப்பட்டார். தங்கை ஊர் திரும்பவில்லை, பெயரையே மாற்றிக்கொண்டார்.

நாட்டியம் முறையாகக் கற்றதில்லை. இசையைக் கேட்டு, அது எழுப்பும் உணர்வை உடம்பால் சொல்வதுதான் அவர் பாணி. இசடோரா டங்கனும் அதே காலத்தில் இதே வழியில் ஆடிக்கொண்டிருந்தார். 1903-ல் வியன்னாவில் ஆலனின் அரங்கேற்றம். 1906-ல் அங்கேயே 'சலோமி'. முனிச் நகரம் தடை போட்டது. லண்டன் கொண்டாடியது. பிரதமர் ஆஸ்குவித்தின் மனைவி மார்கோ அவருக்கு நெருங்கிய தோழியானார்.

1918-ல் என்ன நடந்தது?

ஆஸ்கார் வைல்டின் 'சலோமி' நாடகத்தில் நடிக்க ஆலன் ஒப்புக்கொண்டார். முதல் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். 47,000 பிரிட்டிஷாரின் பாலியல் ரகசியங்கள் ஜெர்மனி கையில் இருப்பதாக எம்.பி. நோயல் பெம்பர்டன் பில்லிங்கின் பத்திரிகை கிளப்பிவிட்டது. ஆலனையும் தன்பாலின ஈர்ப்போடு முடிச்சுப் போட்டு எழுதியது. ஆலன் அவதூறு வழக்குப் போட்டார்.

பில்லிங் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். முதலில் இழுத்தது, 20 வருடமாக ஆலன் மறைத்த அண்ணனின் கதையை! அடுத்து, கட்டுரைத் தலைப்பிலிருந்த மருத்துவச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் ஆலன். நல்ல பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அதையே அவருக்கு எதிராகத் திருப்பினார்கள். 47,000 பட்டியலில் நீதிபதி டார்லிங்கின் பெயரே இருக்கிறது என்று ஒரு சாட்சி சொன்னதுதான் வேடிக்கை. அந்தப் பட்டியலை யாரும் கோர்ட்டில் காட்டவே இல்லை.

பில்லிங் விடுதலையானார். வெளியே கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆலனின் மேடை வாழ்க்கை அதன்பின் பழைய நிலைக்கு வரவேயில்லை. 1956-ல், 83 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.